ரத்தினம்மா கூட்டாத பீலிக்கரை

ரத்தினம்மாவோடு கலியாண வீட்டுக்குப் போவதைப்போல் ஒரு தலையிடி உலகத்திலே கிடையாது. மேளம் கொட்டி, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்து, சனமெல்லாம் அட்சதையோடு எழுந்து நிற்கும் நேரத்தில் இவளைத் தேடினால், கதிரைகளுக்கு நடுவே குனிந்து டொபி உறைகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். "அம்மா, மானத்த வாங்காதம்மா" என்று மகள் சிந்துஜா பல்லைக் கடிப்பாள். "நான் என்னாடி செஞ்சேன்? யாராவது மிதிச்சு வழுக்கி விழுந்தா நல்லாருக்குமா?" என்று இவள் திருப்பிக் கேட்பாள். டொபி உறையில் வழுக்கி விழுந்த மனிதரை யாராவது பார்த்ததுண்டா? சொன்னால் கேட்டால்தானே!

பஸ்ஸில் ஏறினால் காலடியில் கிடக்கும் டிக்கெட்டைப் பொறுக்குவாள். டாக்டரைப் பார்க்கப் போனால், தன் நம்பரைக் கூப்பிடுவதுகூடக் காதில் விழாமல், வாங்குப் பலகைக்குக் கீழே கிடக்கிற பஞ்சையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். பென்சன் எடுத்து மூன்று வருஷமாகிவிட்டது. மாநகர சபை அவளை விட்டுவிட்டது, ஆனால் கைப்பழக்கம் விடமாட்டேன் என்கிறது. அவள் என்ன செய்வாள், பாவம்.

பிறந்தது மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில். இராமையாவைக் கட்டிக்கொண்டு, கண்டிக்கு ஓரத்தில் இருக்கும் மஹய்யாவைக்கு வந்தபோது கண்டி நகரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. மாமியார் மாநகர சபையில் தெருக் கூட்டுகிறவர். அவருக்கு முழங்கால் போனதும், நீளக் கம்பில் கட்டிய அந்த ஈர்க்குமாறு மருமகள் கைக்கு வந்தது. மாமியாருக்கும் அது அப்படித்தான் வந்ததாம். புருஷன் இராமையா அதே சபையில் கான், அதாவது சாக்கடை, சுத்தம் பண்ணுகிற வேலை. வாய்ச்சவடால் அடிப்பாரே தவிர தங்கமான மனுஷன்.

பெரஹெர ஊர்வலம் போன மறுநாள் காலையில் கண்டியைப் பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், தூங்கிக்கொண்டிருப்பீர்கள். யானைகள் போன வழியெல்லாம் யானைகள் விட்டுப்போனது கிடக்கும். கடலை உறை, ஐஸ்கிரீம் குச்சி, கிழிந்த செருப்பு, பிள்ளைகள் தவறவிட்ட பலூன் எல்லாம் அதன்மேல் கிடக்கும். ஆபீஸ்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தலதா வீதி கழுவிக் கவிழ்த்த தாம்பாளம்போல இருக்கும். அதைச் செய்தது ரத்தினம்மாவும் அவள் கூட்டாளிகளும்தான். அந்தத் தெருவில் நடந்த சனங்கள் அவளுக்கு நன்றி சொன்னதைவிட மூக்கைப் பொத்தியதுதான் அதிகம். சிந்துஜா வேலைக்கு மனுப் போட்டபோது தெருக் கூட்டுகிறவர்கள் இடம் என்று பெயர்பெற்ற மஹய்யாவை முகவரியை எழுதாமல், கட்டுகாஸ்தோட்டையிலிருக்கும் சித்தப்பா வீட்டு முகவரியை எழுதினாள். மருந்துக்கடையில் வேலையும் கிடைத்தது. ரத்தினம்மா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள். அதற்காக உட்கார்ந்து அழுகிற ஆளில்லை அவள். ஆனால் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம்.

இவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். அந்த லயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய மலைச்சரிவு இருக்கிறது. பலாவும் கித்துளுமாக அடர்ந்த காடு. அதற்கு வளவு மலை என்று பெயர். ஒரு காலத்தில் பழைய பிரபுக் குடும்பம் ஒன்றின் காணி. இப்போது அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் கூடிக் கம்பெனி ஆக்கிவிட்டார்கள். அந்தக் காட்டுக்கு நடுவே, படி வெட்டிய ஓர் ஒற்றையடிப் பாதை இறங்கும். பிள்ளைகள் அந்த வழியாகப் போனால் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். சுற்றுவழியாகப் போனால் மலையையே ஒரு வலம் வரவேண்டும். பாதைக்குப் பாதியில் ஒரு பீலி. பாறைக்குள்ளிருந்து வருகிற தண்ணீர் இரும்புக் குழாய் வழியாக வருஷம் முழுக்க விழுந்துகொண்டே இருக்கும். குழாய்த் தண்ணீர் நிற்கிற நாளில் லயம் முழுக்க அங்கேதான். நிற்காத நாளிலும் பாதி லயம் அங்கேதான். துவைக்கிற கல்லில் குந்தி இருந்துகொண்டு பேசாத கதை மஹய்யாவையில் கிடையாது. கோயில் திருவிழாவுக்குக் கரகம் எடுப்பதும் அந்தப் பீலியில்தான். காணி வளவுக்காரருடையது, ஆனால் வழியும் தண்ணீரும் எங்களுடையது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. யாரும் எழுதிக் கொடுத்ததும் இல்லை.

ஒருநாள் கோயில் மண்டபத்தில் ஒரு தகவல் சொன்னார்கள். மாநகர சபையும் வளவுக் கம்பெனியும் சேர்ந்து மலைக்கு ஓர் அபிவிருத்தி ஒப்பந்தம் செய்யப் போகிறார்கள். அதற்கு முன்னால் கம்பெனி ஆட்கள் வந்து மலையைச் சுற்றிப் பார்த்துப் படம் எடுப்பார்கள். அவ்வளவுதான் தகவல்.

ரத்தினம்மாவுக்கு அது போதும்.

"பெரிய ஆளுங்க வர்றாங்க. இப்பிடியா கெடக்கும் எடம்?" என்று ஆரம்பித்தாள். ஒரு வீடு விடாமல் பொம்பளைகளைக் கிளப்பினாள். பலா மரங்களுக்கு இடையே கட்டியிருந்த துணிக்கொடியை அவிழ்த்தாள். சவர்க்காரத் துண்டுகள், ஷாம்பு உறைகள், பாத்திரம் தேய்க்கிற சிரட்டைகள், தேங்காய்ப் பொச்சு, யாரோ மறந்துபோன ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் அள்ளினாள். துவைக்கிற கல்லில் தலைமுறை தலைமுறையாகப் படிந்திருந்த சவர்க்கார வெள்ளையைச் செங்கல் துண்டால் உரசி உரசியே எடுத்துவிட்டாள். கடைசியில் பாதையை மேலிருந்து கீழ்வரை கூட்டிக்கொண்டே பின்பக்கமாக இறங்கினாள், தன்னுடைய காலடித் தடத்தைக்கூட மிச்சம் வைக்காமல். மறுநாள் பிள்ளைகளைச் சுற்றுவழியாகப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். "அவங்க வந்து போற வரைக்கும் ஒரு ஈ காக்கா பீலிப் பக்கம் தலைய காட்டக் கூடாது" என்று கட்டளை. இராமையா சிரித்தார்: "ஏ ரத்தினம், வர்றது கம்பெனிக்காரனுகளா, பொண்ணு பாக்க வர்றவங்களா?"

கம்பெனி ஆட்கள் வந்தார்கள். பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். போய்விட்டார்கள்.

சில வாரம் கழித்து அதே மண்டபத்தில் கூட்டம். மாநகர சபையிலிருந்து சஞ்சீவனி என்று ஒரு பெண் வந்திருந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, திட்டமிடல் பிரிவில் வேலை. தமிழில் விளக்கம் சொல்ல அவளை அனுப்பியிருந்தார்கள். அவள் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினாள்.

"காணிக்காரர் மலையிலை வீடுகள், கடைகள் கட்டப் போகினம். முப்பது வருசத்துக்கு அந்தக் காணியின்ரை கட்டடச் சட்டங்களை மாத்த மாட்டம் எண்டு சபை வாக்குக் குடுக்குது. அதுக்குப் பதிலா அவை ஊருக்கு ரோட்டு, பூங்கா, கான் எல்லாம் கட்டித் தரவேணும். ரெண்டு பக்கமும் கையெழுத்து வைச்சால் பிறகு ஒருத்தரும் ஒரு எழுத்தும் மாத்தேலாது. கலியாணம் மாதிரி."

"கலியாணத்துலயாவது பஞ்சாயத்து வைக்கலாமே" என்றார் இராமையா. மண்டபம் சிரித்தது.

பிறகு திட்டப்படத்தைச் சுவரில் காட்டினாள். மலை முழுக்கச் சதுரம் சதுரமாகக் கட்டடங்கள். லயத்துக்குப் பின்னால் நீளமாக ஒரு கறுப்புக் கோடு.

"அது என்னாம்மா?" என்று ரத்தினம்மா கேட்டாள்.

"மதில், அம்மா."

"மதிலா? அப்ப எங்க பாத?"

"எந்தப் பாதை?"

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. சஞ்சீவனி குழப்பத்தோடு கம்பெனி எடுத்த படங்களைப் போட்டுக் காட்டினாள். பளிங்கு போல் துவைக்கிற கல். ஓர் இலைகூட இல்லாத பாதை. ஆள் நடமாட்டமே இல்லாத பீலி. அதைப் பார்த்ததும் ரத்தினம்மாவுக்கு, உண்மையைச் சொல்லவேண்டும், முதலில் பெருமைதான் வந்தது. எவ்வளவு லட்சணமாக இருக்கிறது! பிறகுதான் சஞ்சீவனி கீழே எழுதியிருந்ததை வாசித்தாள்: பாவனையில் இல்லாத பாதை, கைவிடப்பட்ட பீலி.

"ஐயோ, நாங்க தெனம் அங்கதானே குளிக்கிறோம்!"

"இந்தப் படத்திலை ஒரு சவர்க்காரத் துண்டுகூட இல்லையே அம்மா. ஒரு கால் தடம் இல்லை. ஆர் இதை இப்பிடித் துப்புரவாக்கினது?"

 மண்டபத்தில் இருந்த அத்தனை தலையும் ஒரே பக்கமாகத் திரும்பியது. ரத்தினம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஊரெல்லாம் கூட்டிச் சம்பளம் வாங்கியவள், தன் சொந்த வழியைத் தானே கூட்டித் தள்ளிவிட்டாள். இப்படியொரு பிழையை மஹய்யாவைக்காரர்களைத் தவிர வேறு யாரால் செய்ய முடியும்? வேறு ஆட்களாயிருந்தால் குப்பையைப் போட்ட இடத்தில் விட்டிருப்பார்கள், வழியும் மிஞ்சியிருக்கும்.

கூட்டம் முடிந்ததும் சஞ்சீவனி அவளைத் தேடி வந்து பக்கத்தில் இருந்தாள். "அழாதேங்கோ அம்மா. இன்னும் கையெழுத்து வைக்கேல்லை. திரும்ப வந்து பாக்கச் சொல்லி நான் கேக்கிறன். ஆனால் எண்டைக்கு எண்டு சொல்ல மாட்டம். நீங்கள் எல்லா நாளும் எப்பிடி இருக்கிறியளோ அப்பிடியே இருங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன், கூட்டாதேங்கோ."

அதற்குப் பிறகு வந்த நாட்கள் ரத்தினம்மாவுக்கு நரகம். துணிக்கொடி திரும்பவும் ஏறியது. சவர்க்காரத் துண்டுகள் திரும்பவும் கல்லில் ஒட்டின. பிள்ளைகள் பாதையில் பிஸ்கட் உறையைப் போட்டுக்கொண்டே போனார்கள். "போடுங்கடா, நல்லா போடுங்க" என்று இவள் வாயால் சொல்லவேண்டி வந்ததே! விடிந்ததும் கால் தானாகப் பீலிக்கு இறங்கும், கை தானாக விளக்குமாற்றைத் தேடும். ஒருநாள் இலைகளைக் காலாலேயே ஓரம் தள்ளிக்கொண்டு நின்றவளை றலியா பிடித்துவிட்டாள்.

றலியா பாதை முடிகிற இடத்தில் ஆப்பக் கடை வைத்திருக்கிறவள். ரத்தினம்மாவைவிட மூத்தவள். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள், ரத்தினம்மாவும் அவளை அப்படித்தான் கூப்பிடுவாள். பீலித் தண்ணீர் இல்லாவிட்டால் அவள் அடுப்பும் எரியாது.

"அல்லாஹ்வே! என்ன புள்ள செய்ற நீ? ஒரு தரம் கூட்டினது போதாதா?"

"கால்தானே தாத்தா பட்டுச்சு..."

"காலும் வேணாம், கையும் வேணாம். வா எனக்கிட்ட!"

அன்றிலிருந்து ரத்தினம்மா காலையில் றலியா கடையில் கைதி. வாங்கில் இருத்தி, கையில் தேங்காயையும் திருவலையையும் கொடுத்துவிடுவாள் றலியா. அங்கேயும் திருவிய தேங்காய்ப்பூ கீழே சிந்தினால் உடனே குனிந்துவிடுவாள். "கை சும்மா ஈக்கட்டும்!" என்று ஆப்பச் சட்டுவத்தால் தட்டு விழும். இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஆனால் சிரித்து முடிந்ததும் ரத்தினம்மாவின் கண் மலைப் பக்கம் போய்விடும். "மதில் வந்துட்டா இந்தப் புள்ளைங்க எப்பிடித் தாத்தா பள்ளிக்கூடம் போகும்? என்னாலதானே?" என்பாள். றலியா ஒரு ஆப்பத்தைச் சுட்டு அவள் முன்னால் வைப்பாள்.

அவர்கள் வந்தது மழை தூறிக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூட நாள் காலை. சஞ்சீவனி முன்னால், வளவுக் கம்பெனி மேனேஜர் பின்னால். வயதான மனிதர், நல்ல தோல் சப்பாத்து. பாதையில் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் வரிசையாகக் குடையோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அவர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு ஓரத்துச் சேற்றிலேயே நடக்கவேண்டியதாயிற்று. பீலியில் நாலு பேர் வாளியோடு, இரண்டு பேர் துணியோடு, ஒருத்தி பிள்ளைக்குத் தலை தேய்த்துக்கொண்டு. மேனேஜர் நன்றாகப் பார்க்கலாம் என்று கல்லில் கால் வைத்தார். அவ்வளவுதான். சவர்க்காரம் சும்மா விடுமா? சர்ரென்று வழுக்கி, நேரே பீலிக்குக் கீழே போய்க் குந்திவிட்டார்.

இராமையாதான் ஓடிப்போய்த் தூக்கினார். றலியா தன் தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தாள். ரத்தினம்மா உறைந்துபோய் நின்றாள். வழுக்கி விழுவார்கள், வழுக்கி விழுவார்கள் என்று ஆயுள் முழுக்கச் சொன்னாளே, கடைசியில் ஒருவர் விழுந்தே விட்டார்!

மேனேஜர் நல்ல மனிதர். தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்துவிட்டார். "சரி, சரி, இந்தப் பீலி பாவனையில் இருக்கிறது என்று என் முதுகுக்கே தெரிந்துவிட்டது" என்றார் சிங்களத்தில். எல்லோரும் கலகலவென்று சிரித்தார்கள். பிறகு அவர் சொன்னார்: மதிலை நகர்த்தலாம். பாதையையும் பீலியையும் முப்பது வருஷத்துக்கும் திறந்தே விடுவதாக ஒப்பந்தத்தில் எழுதலாம். "ஒரே ஒரு நிபந்தனை. பாதையையும் பீலியையும் மஹய்யாவை ஆட்கள்தான் கூட்டிச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். அது உங்களுக்குப் பெரிய காரியமா? முதல் தடவை எடுத்த படங்களைப் பார்த்தேனே, கண்ணாடி மாதிரி! இந்த வேலைக்கு உங்களைப்போல் யாருமில்லை."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். சனமும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டது. எல்லா முகமும் மலர்ந்தது, எல்லாத் தலையும் ஆடியது. யாரோ ரத்தினம்மாவின் முதுகைத் தட்டினார்கள். சஞ்சீவனி பேனாவைத் திறந்தாள்.

"கூட்ட மாட்டோம்" என்றாள் ரத்தினம்மா.

ரத்தினம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குத் தமிழ்தான் வந்தது. மேனேஜர் சஞ்சீவனியைப் பார்த்தார். சஞ்சீவனி ரத்தினம்மாவைப் பார்த்தாள். இராமையா மனைவியின் முழங்கையைப் பிடித்து, "ஏ, என்னா பேசுற? வழி கெடச்சுருச்சுல்ல, வுடு" என்று காதுக்குள் சொன்னார். அவள் கையை உருவிக்கொண்டாள்.  பயமாகத்தான் இருந்தது. ஒரு தடவை வழியைக் கெடுத்தவள், இப்போது திரும்பவும் கெடுக்கிறாளோ என்று.

"தொர மாத்தயாவுக்குச் சொல்லும்மா. நான் ஆயுசுல பாதிக்கு மேல இந்த ஊரக் கூட்டுனேன். சம்பளத்துக்குக் கூட்டுனேன், நான் கொற சொல்லல. என் மாமியா கூட்டுனாங்க, அவங்க மாமியாளும் கூட்டுனாங்க. எங்க எடம், எங்க ஆசைக்கு நாங்க கூட்டுறது வேற. கூட்டுனாத்தான் வழின்னு எழுதுறது வேற. அத முப்பது வருஷத்துக்கு எழுதிக் கையெழுத்து வச்சா, இப்ப தொட்டில்ல கெடக்குற புள்ள கைக்கும் வெளக்குமாத்த குடுத்த மாதிரிதானே? அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்."

 சஞ்சீவனி ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னாள்.

"அப்படியென்றால் யார் கூட்டுவது?" என்று கேட்டார் மேனேஜர். அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"புதுசா பூங்கா கட்டுறீங்கல்ல, அத யாரு கூட்டுவா? புது ரோட்ட?"

"அதெல்லாம் கம்பனிதான் அம்மா" என்றாள் சஞ்சீவனி மெதுவாக.

"அப்ப இதையும் அவங்களே கூட்டட்டும்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி, நனைந்த சட்டையால் துடைத்து, இன்னும் மோசமாக்கி, திரும்பப் போட்டுக்கொண்டார். "நான் பெரியவர்களிடம் பேசவேண்டும்" என்று சொல்லிவிட்டுப் பாதையில் ஏறிப் போய்விட்டார். பேனாவை மூடிக்கொண்டு சஞ்சீவனியும் பின்னால் போனாள்.

பிறகு கேட்கவேண்டுமா! "கைக்கு எட்டுனத வாய்க்கு எட்டாமப் பண்ணிட்டாளே" என்று லயமே கொதித்தது. "மொதல்ல கூட்டிக் கெடுத்தா, இப்ப கூட்டாமக் கெடுக்குறா." துவைக்கிற கல்லில் அவள் போய் இருந்தால் பேச்சு நின்றது. நாக்கில் தேள் கொடுக்கு வைத்துப் பேசியவர்களும் உண்டு. இராமையா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பிளேன்டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, "நீ சொன்னது சரிதான். ஆனா பயமா இருக்கு ரத்தினம்" என்றார். "எனக்கு மட்டும் இல்லையா?" என்றாள் இவள். கூட்டாமல் கிடந்த வாசலைப் பார்த்தபடி இரண்டு பேரும் தேத்தண்ணியைக் குடித்தார்கள். ஆமாம், அந்த நாட்களில் அவள் வாசலைக்கூடக் கூட்டவில்லை. அவ்வளவு மனசு விட்டுப்போயிருந்தது.

ஒரு பின்னேரம் சிந்துஜா வேலை முடிந்து வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அம்மா, அன்னைக்கு பீலியில நீ பேசுனத யாரோ போன்ல புடிச்சிருக்காங்க. கடையில எல்லாரும் பாத்தாங்க."

ரத்தினம்மாவுக்குத் திக்கென்றது. கட்டுகாஸ்தோட்டை முகவரி ஞாபகம் வந்தது. "ஐயோ, ஒன்னத் தெரிஞ்சுக்கிட்டாங்களா? நீ ஒண்ணும் சொல்லாம இருந்திருப்பதானே?"

"எங்க மொதலாளி, 'யாருடா இந்த அம்மா, என்னா போடு போடுறாங்க'ன்னு கேட்டாரு."

"நீ என்னாடி சொன்ன?"

"எங்கம்மான்னு சொன்னேன்."

ரத்தினம்மா மகளின் காலைப் பார்த்தாள். பிறகு, "சப்பாத்தோட வீட்டுக்குள்ள வந்துட்ட பாரு, சேறு" என்று திட்டத் தொடங்கினாள். திட்டி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது. சிந்துஜா அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். சேறு பாட்டுக்குத் தரையில் கிடந்தது.

ஒப்பந்தம் கையெழுத்தான அன்று சஞ்சீவனியே நேரில் வந்தாள். றலியா கடை வாசலில் முச்சக்கர வண்டியை நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க ஓடி வந்தாள். "மதில் தள்ளிப் போகுது, அம்மா. நீங்கள் பேசின வீடியோவை அவையின்ரை பெரியாக்களும் பாத்தவையாம். பாதையும் பீலியும் முப்பது வருசத்துக்குத் திறந்திருக்கும். அதை ஒவ்வொரு நாளும் கூட்டித் துப்புரவா வைச்சிருக்க வேண்டியது காணிக்காரர் பொறுப்பு. அப்பிடியே எழுதிக் கையெழுத்து வைச்சாச்சு. இனி ஒருத்தரும் ஒரு எழுத்தும் மாத்தேலாது!" றலியா சட்டுவத்தைக் கையில் வைத்துக்கொண்டே ரத்தினம்மாவைக் கட்டிப் பிடித்தாள். முறைத்துத் திரிந்த லயத்துச் சனம் வெட்கத்தோடு ஒவ்வொருவராக வந்து, "அன்னைக்கே நெனச்சோம் ரத்தினம், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு" என்றது. நம் சனத்தைத் தெரியாதா!

ஆனால் கதை அதோடு முடியவில்லை. கூட்ட ஆள் வேண்டுமே? அந்த வேலையைக் கம்பெனி ஒரு கொந்தராத்துக்காரரிடம் விட்டது. கொந்தராத்துக்காரர் ஆள் தேடி எங்கே வந்தார் என்று நினைக்கிறீர்கள்? நேரே மஹய்யாவைக்குத்தான். அதிலும் ரத்தினம்மாவின் வாசலுக்குத்தான்.

"நல்ல சம்பளம், அம்மா. பக்கத்திலேயே வேலை. உங்கள் ஆட்கள் யாராவது இருந்தால்..."

ரத்தினம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். கோபம் வரவில்லை, ஒரு அலுப்புத்தான் வந்தது. பக்கத்து வீட்டு ரமேஸுக்குக் கொஞ்ச நாளாக வேலை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "வேணும்னா போப்பா, நான் குறுக்க நிக்கல" என்றாள். ரமேஸ் தலையை ஆட்டினான். "வேணாம் பெரியம்மா. நான் வேற எதாச்சும் பாத்துக்கிறேன்." கொந்தராத்துக்காரர் லயம் முழுக்கக் கேட்டுப் பார்த்தார். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி கொடுத்தார்கள், ஆள் கொடுக்கவில்லை.

அப்படித்தான் ஹுன்னஸ்கிரியப் பக்கமிருந்து குணே வந்தான். நடுத்தர வயசு சிங்கள ஆள், கூச்ச சுபாவம். பச்சை நிறத்தில் கம்பெனி உடுப்பு, மடிப்புக் கலையவில்லை. புத்தம் புது ஈர்க்குமாறு. ஆயுளில் அவன் அதைத் தொட்டதில்லை என்று அவன் பிடித்த பிடியிலேயே ரத்தினம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று காலை அவள் வாளியோடு துவைக்கிற கல்லில் இருந்தாள். பக்கத்தில் றலியா. குணே கீழ்ப்படியிலிருந்து மேல்நோக்கிக் கூட்டத் தொடங்கினான். யாராவது படியைக் கீழிருந்து மேலே கூட்டுவார்களா? கூட்டிய இலையெல்லாம் அவன் காலடிக்கே திரும்பி வந்தது. காற்று வீசியது, மிச்சமும் வந்தது. ரத்தினம்மாவின் விரல்கள் தானாக மடங்கின. றலியா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா இரி, புள்ள."

"மேல இருந்து கீழன்னு ஒரே ஒரு வார்த்த சொல்றேனே தாத்தா..."

"ஒரு வார்த்த சொல்லுவாய், பொறகு வெளக்குமாத்தப் பிடிப்பாய், பொறகு நீயே கூட்டுவாய். எனக்குத் தெரியாதா ஒன்ன?"

குணே ஒருவழியாக மேலே போய், இறங்கி, பீலிக்கரையையும் கூட்டி முடித்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்தான். கொப்புளம். முதல் நாள் கொப்புளம் எங்கே வரும், எப்படி எரியும் என்பது ரத்தினம்மாவுக்குத் தெரியும். மாமியார் அன்று தேங்காய் எண்ணெய் தடவிவிட்டது ஞாபகம் வந்தது. சீசாவில் கொண்டுவந்திருந்த பிளேன்டீயைக் கோப்பையில் ஊற்றி, பக்கத்தில் ஒரு சீனிக் கட்டியும் வைத்து, அவனிடம் நீட்டினாள்.

குணே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, பயந்து பயந்து கேட்டான்.

"ஹரித, அக்கே?"

சரியாக இருக்கிறதா, அக்கா என்று.

கல்லின் மூலையில் பலா இலைகள் குவிந்து கிடந்தன. மூன்றாம் படியில் ஒரு ஷாம்பு உறை மினுங்கியது. குழாய்க்குக் கீழே யாரோ விட்ட பொச்சு அப்படியே கிடந்தது. ரத்தினம்மா எல்லாவற்றையும் பார்த்தாள். இலையைப் பார்த்தாள், உறையைப் பார்த்தாள், பொச்சைப் பார்த்தாள். பிறகு குணேயின் முகத்தைப் பார்த்தாள்.

"ஹரி மல்லி," என்று தம்பி முறை வைத்துச் சொன்னாள், "ரொம்ப ஹரி."

றலியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரத்தினம்மா அவள் காலை மிதித்தாள். வாளியை எடுத்துக்கொண்டு, பலா இலைகளை மிதித்தபடியே நடந்து போய், அதைப் பீலிக்குக் கீழே வைத்தாள்.